எதிரே நிற்பவளின் வலது கை

டீச்சருக்குப் பயம் என்பது பிறக்கும்போதே கூட வந்த சொத்து. பல்லிக்குப் பயம், ஈரத் தரைக்குப் பயம், பின்னால் கேட்கும் சைக்கிள் மணிக்குப் பயம். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவார். பூட்டினோமா இல்லையா என்று நெஞ்சு படபடக்கத் தொடங்கும். திரும்பி வந்து பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். "விடும்மா, பூட்டு கையோட வந்துடப் போகுது" என்பார் கணவர். அவருக்குத் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. ஊரில் உள்ள நாய்களில் பாதி அவரைத் துரத்தியிருக்கும், மனிதர் அசைந்து கொடுத்ததில்லை. இப்பேர்ப்பட்டவருக்கு இப்படி ஒருத்தியா என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். டீச்சரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடித்ததும், குழாயை மூடினோமா என்று பார்க்க எழுந்து போய்விடுவார்.

ஆனால் அந்தப் பயம் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டது. சின்னக் குழந்தைகளோடு பழகுகிறவருக்கு எதைப் பார்த்தாலும் 'இது யார் காலை இடிக்கும், யார் வாய்க்குள் போகும்' என்று தோன்ற வேண்டும் அல்லவா? டீச்சருக்கு அது தானாகவே தோன்றும். இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். ஒரு பெரிய ஹால், ஒரு நடை, நடையின் கோடியில் பால் காய்ச்சும் அறை, அவ்வளவுதான். பள்ளியை நடத்தியவர் பெரிய மேடம். பால் காய்ச்சவும், பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கவும் ஓர் ஆயா. பாடம் நடத்த டீச்சர்.

பாடம் என்றால் புத்தகம் கிடையாது. மேலே, கீழே, உள்ளே, வெளியே, முன்னாலே, பின்னாலே. ஒரு மஞ்சள் வாளி, ஒரு துணிப் பந்து, ஒரு ஸ்டூல். "பந்தை வாளிக்குள்ளே போடு கண்ணு." போட்டால், குனிந்து எட்டிப் பார்த்து, "அப்படிப் போடு!" என்று கை தட்டுவார். தப்பாகப் போனால் திட்ட மாட்டார். குழந்தையின் கையைப் பிடித்து வாளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இப்ப பாரு, பந்து எங்கே இருக்கு?" என்று மறுபடி கேட்பார். சரியாக வரும்வரை கேட்பார், வந்த பிறகும் கேட்பார். நேற்று வந்தது இன்றைக்கு மறந்துபோகும் வயசு அது. ஒரு வாலு, 'பின்னாலே' என்றால் டீச்சர் கண்ணுக்குத் தெரியாத இடம் என்று முடிவு கட்டிக்கொண்டு, பந்தைத் தன் சட்டைக்குள்ளேயே ஒளித்து வைத்தான். "வாளிக்குப் பின்னாலேதான் டீச்சர் இருக்கு" என்று தொப்பையைத் தடவிக்கொண்டு சாதித்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி வலதும் இடதும்தான். கூரை எப்போதும் மேலே இருக்கிறது, தரை எப்போதும் கீழே இருக்கிறது. வலது பக்கம் மட்டும் நாம் திரும்பினால் கூடவே திரும்பிவிடுகிறது. குழந்தைகளுக்கு எதிரே நின்று "இது வலது கை" என்று டீச்சர் தன் வலது கையைத் தூக்கினால், பிள்ளைகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அதே பக்கத்துக் கையைத் தூக்குவார்கள். அது அவர்களுடைய இடது கை. ஆகையால் எதிரே நிற்கிற டீச்சர் வாயால் "வலது" என்று சொல்லிக்கொண்டே தன் இடது கையைத் தூக்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற விஷயம் இது. வருஷக்கணக்கில் இப்படியே செய்து செய்து, வெளியில் யாராவது வழி கேட்டால் டீச்சருக்குக் கை ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போகும். "உன்னை நம்பி வண்டியைத் திருப்பினா நேரா வாய்க்காலுக்குள்ளதான்" என்பார் கணவர்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் டீச்சருக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்ய வேண்டிவந்தது. தனக்கு என்ன ஆகுமோ என்பது ஒரு பயம், தான் இல்லாத வகுப்பு என்ன ஆகுமோ என்பது இன்னொரு பயம். "ஏன், நம்ம வீட்டுலயே ஆள் இருக்கே" என்றார் கணவர். அவர் சொன்னது தன் தங்கையை, அதாவது டீச்சரின் நாத்தனாரை.

நாத்தனார் புருஷன் வீட்டோடு உறவை முறித்துக்கொண்டு, கைக்குழந்தையுடன் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். கெட்டிக்காரி, வேலையில் புலி. ஆனால் முகம் ஒரு தடவை கறுத்தால் வெளுக்க நாளாகும். குழம்பில் உப்புத் தூக்கல் என்று டீச்சர் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதன்பிறகு வெகுநாள் வரை நாத்தனார் சமையலறை வாசலில் நின்று, "உப்பு போடலாமா அண்ணி, உங்க உத்தரவு என்ன?" என்று கேட்டுக் கேட்டு அவர் உயிரை வாங்கினாள். டீச்சர் அவளுக்குப் பயந்தது பாதி, அவளுக்காக இரக்கப்பட்டது பாதி. அவள் குழந்தை, வீட்டில் எல்லோரும் 'பொடிசு' என்று கூப்பிடும் வாண்டு, அப்போது அதே பள்ளியில்தான் படித்தது. வீட்டில் 'அத்தை', பள்ளியில் 'டீச்சர்' என்று மாற்றிக் கூப்பிடப் பொடிசுக்கு நன்றாகத் தெரியும். காரியம் ஆக வேண்டும் என்றால் மட்டும் பள்ளியிலும் 'அத்தை'.

டீச்சர் படுக்கையில் கிடந்த காலத்தில் நாத்தனார் வகுப்பை எடுத்தாள். மாலையில் வீடு திரும்பும்போது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. பாட்டுப் பாடினாள், பிள்ளைகள் மாதிரிப் பேசிக் காட்டினாள். "என் தங்கச்சி சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?" என்று கணவர் டீச்சரின் காதருகில் குனிந்து சொன்னார்.

உடம்பு தேறி டீச்சர் பள்ளிக்குத் திரும்பியபோது, பெரிய மேடம் இரண்டு பேரையுமே வைத்துக்கொண்டார். காலையில் டீச்சர், மதியத்துக்கு மேல் நாத்தனார். திரும்பி வந்த அன்று காலை, பிள்ளைகள் எதையெல்லாம் மறந்திருக்கின்றன என்று பார்க்க டீச்சர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மேலே சரி. கீழே சரி. உள்ளே, வெளியே எல்லாம் பிரமாதம். "எங்கே, எல்லாரும் வலது கையைத் தூக்குங்க பார்ப்போம்!"

அத்தனை பேரும் ஒன்றாகத் தூக்கினார்கள். ஒருத்தர்கூடத் தயங்கவில்லை, பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கியது அத்தனையும் இடது கை. தூக்கிய கையோடு, கைதட்டலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சருக்கு அடிவயிற்றில் தையல் போட்ட இடம் சுருக்கென்றது. தெரியாத குழந்தை தடுமாறும், தடுமாறுகிற குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். இவர்கள் தடுமாறவே இல்லையே! தப்பை யாரோ தினமும் செய்ய வைத்து, தினமும் கை தட்டி, நெஞ்சில் ஊன்ற வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. மதியம் நாத்தனார் வகுப்பெடுக்கும்போது டீச்சர் கதவோரம் நின்று பார்த்தார். நாத்தனார் பிள்ளைகளுக்கு எதிரே நின்று, "வலது!" என்று தன் வலது கையை வீசித் தூக்கினாள். எதிரே இடது கைகள் எழுந்தன. "சூப்பர்!" என்று கை தட்டினாள். டீச்சரைப் பார்த்ததும், "பாத்தீங்களா அண்ணி? ஒரே மாதிரி எவ்வளவு அழகா தூக்குறாங்க!" என்றாள். முகமெல்லாம் பூரிப்பு.

அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? உப்புக்கே அந்தப் பாடு. இது அவளுக்குக் கிடைத்திருக்கிற ஒரே சந்தோஷம். மேடத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று ஒரு பயம், கணவர் என்ன நினைப்பாரோ என்று ஒரு பயம். "ஆமாம்மா, ரொம்ப அழகு" என்று சொல்லிவிட்டு டீச்சர் நகர்ந்துவிட்டார். சத்தமில்லாமல் தானே சரிசெய்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

மறுநாளிலிருந்து பிள்ளைகளுக்கு முதுகு காட்டி நின்று பாடம் எடுத்தார். இப்படி நின்றால் அவர் வலதும் அவர்கள் வலதும் ஒரே பக்கம் அல்லவா? கொஞ்சம் பேருக்குக் கை மாறியது. மதியம் நாத்தனார் வந்து எதிரே நின்று பழைய கைக்கே கை தட்டிவிட்டுப் போனாள். காலையில் நிமிர்த்தியது மதியம் வளைந்தது. சில நாளில் யார் எந்தக் கையைத் தூக்குவார்கள் என்று யாருக்குமே தெரியவில்லை. பொடிசு மட்டும் அசையவில்லை. "எங்கம்மா சொன்னதுதான் சரி" என்று இடது கையைத் தூக்கியபடியே நிற்கும். இப்போது டீச்சருக்குத் தூக்கத்திலும் வேர்த்தது. ரோட்டில் வரிசையாக அழைத்துப் போகும்போது "வலது பக்கம் ஒதுங்குங்க" என்று சொல்ல வாய் வராது. ஒவ்வொரு பிள்ளையாகத் தோளைப் பிடித்து ஒதுக்கினார். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப் போட்டார்.

அந்த நாளும் வந்தது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் எல்லாம் போயாகிவிட்டது. டீச்சரும் நாத்தனாரும் ஹாலில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயா தனக்குக் கொஞ்சம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, சர்க்கரை வாங்கக் கடைக்கு இறங்கிப் போயிருந்தாள். பொடிசு நடையில் தனியாக 'உள்ளே வெளியே' விளையாடிக்கொண்டிருந்தது. "உள்ளே!" என்ற குரல் கேட்டது. தொடர்ந்து கதவு சாத்தும் சத்தம் படாரென்று.

பால் அறைக் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம். உள்ளேயிருந்து திறக்கிற பிடி பெரியவர்களுக்கே மணிக்கட்டு நோகும்படி இறுக்கம். சாவி ஆயாவின் இடுப்பில். "அத்தை, கதவு வரமாட்டேங்குது" என்று பொடிசு கூப்பிட்டது. இரண்டு பேரும் போனார்கள். ஆயா வந்துவிடுவாள், இதற்கென்ன என்றுதான் முதலில் நினைத்தார்கள். நாத்தனார் சிரித்துக்கொண்டேகூட இருந்தாள். அப்போது உள்ளே சுர்ரென்று ஒரு சத்தம்.

"அம்மா, பால் பொங்கிருச்சு! நெருப்பு போயிருச்சு!"

அடுத்த நிமிஷம் கதவின் அடியிலிருந்து அந்த வாடை வந்தது. முட்டை அழுகினாற்போன்ற கேஸ் வாடை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சிலிண்டரும் அதற்குள்ளேதான். "லைட்டைத் தொடாதே! சுவிட்சைத் தொடவே தொடாதே!" என்று டீச்சர் கத்தினார். நாத்தனார் கதவைத் தோளால் இடித்தாள், அது அசைந்தால்தானே. அடுப்பு இரண்டு பர்னர் அடுப்பு. ஆயா எப்போதும் பால் வைப்பது வலது பக்கத்தில். அது நாத்தனாருக்கும் தெரியும்.

"கண்ணு, அடுப்பை மூடு! வலது பக்கக் குமிழைத் திருப்புடி! வலது பக்கம்!" என்று அலறினாள்.

டீச்சருக்கு உடனே உறைத்தது. "ஐயோ, வேண்டாம்!" என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "திருப்பிட்டேம்மா!" என்றது உள்ளேயிருந்து குரல். உஸ்ஸென்ற சத்தம் இப்போது இரண்டு மடங்காகியிருந்தது. மூடிக் கிடந்த இடது பக்கக் குமிழைப் பிள்ளை திறந்துவிட்டிருந்தது. "அம்மா சத்தம் நிக்கலையேம்மா" என்று இருமியது.

"வலது பக்கம்னு சொல்றேன்ல! வலதுடி!" என்று மறுபடி கத்தப்போன நாத்தனாரின் வாயை டீச்சர் கையால் பொத்தினார். வாழ்க்கையில் யார் மேலும் அப்படிக் கை வைத்தவரில்லை.

"நீ பேசாதே. நீ வலதுன்னா அவ இடது பக்கம்தான் போவா. நீ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கே."

நாத்தனாரின் கண்கள் பொத்திய கைக்கு மேலே விரிந்தன. அதைப் பார்க்க டீச்சருக்கு நேரமில்லை. வலது என்று சொல்ல முடியாது, இடது என்றும் சொல்ல முடியாது. அம்மா வாயிலிருந்து ஒன்று, அத்தை வாயிலிருந்து வேறொன்று என்று கேட்டுவைத்த தலை, அத்தை சொன்னால் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்குத் தெரியும்? குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கும் அதே வார்த்தைகள்தான் வேண்டும். சொல்ல வேறு என்ன வார்த்தை மிச்சம் இருக்கிறது என்று தேடினார். எதிரே நின்றாலும் முதுகு காட்டி நின்றாலும் மாறாத, நாத்தனார் கெடுத்திருக்க முடியாத ஒன்று இருந்தது. கூரை மேலேதானே இருக்கிறது! அடுப்பு மூடியிருந்தால் குமிழின் மூக்கும் கூரையைத்தானே பார்க்கும்!

கதவில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, வகுப்பில் பேசுகிற குரலை எங்கிருந்தோ வரவழைத்தார்.

"கண்ணு, அத்தை சொல்றேன். கால்ல செருப்பு இருக்கா?"

"இருக்கு அத்தை. பாலெல்லாம் கீழே கொட்டிருச்சு. அம்மா திட்டுவாங்களா?"

"யாரும் திட்ட மாட்டாங்க. பாத்திரத்தைத் தொடாதே, சுடும். அடுப்புக்கு முன்னாலே கறுப்பா ரெண்டு குமிழ் இருக்கா? ரெண்டுக்கும் மூக்கு மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும், பாரு."

"இருக்கு."

"அந்த மூக்கு மேலே பாக்குதா, கீழே பாக்குதா?"

இருமல். டீச்சர் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டார். "கீழே அத்தை. இன்னொண்ணு... இன்னொண்ணு சுவரைப் பாக்குது."

"சமத்து. ரெண்டு மூக்கும் மேலே கூரையைப் பாக்கணும். ஒண்ணைப் பிடிச்சுத் திருப்பு. கூரையைப் பாக்குற வரைக்கும் திருப்பு."

உள்ளே சத்தமில்லை. இல்லை, சத்தம் இருந்தது, அந்த உஸ் சத்தம் மட்டும்தான் இருந்தது. பிள்ளை விழுந்துவிட்டதா? டீச்சருக்கு வேலை, நாத்தனார் முகம், கணவர், எதுவும் ஞாபகத்தில் இல்லை. அந்தக் குட்டிக் கை மட்டும்தான் கண்ணில் நின்றது.

"ஒண்ணு மேலே பாக்குது அத்தை."

சத்தம் பாதியானது. "அப்படிப் போடு!" என்றார் டீச்சர். கை தட்டவும் செய்தார். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. "இப்ப இன்னொண்ணு."

"இது வழுக்குது."

"பாவாடையால பிடிச்சுக்கோ. மெதுவா. மூக்கு எங்கே பாக்குது, சொல்லிக்கிட்டே இரு."

"சுவரு... சுவரு... கொஞ்சம் மேலே... மேலே!"

உஸ் சத்தம் நின்றது. நின்றதுமே படியில் ஆயாவின் காலடி கேட்டது. "சாவி! சாவி!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஆயா சர்க்கரைப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கதவு திறந்ததும் நாத்தனார் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். டீச்சர் நடை ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் ஏறினார்.

பொடிசு கொஞ்ச நேரம் வாந்தி எடுத்தது, கொஞ்ச நேரம் அழுதது. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, காற்றோட்டமாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முகம் தெளிந்ததும் பிள்ளை தன் சந்தேகத்தைக் கேட்டது. "அம்மா, நீ சொன்ன மாதிரி வலது பக்கம்தானே நான் திருப்பினேன்? அப்புறம் ஏன் சத்தம் ஜாஸ்தியாச்சு?"

"வலது கையைத் தூக்கு கண்ணு" என்றாள் நாத்தனார். பொடிசு இடது கையைத் தூக்கிவிட்டு, கைதட்டலுக்காக அவள் முகத்தைப் பார்த்தது. நாத்தனார் எழுந்து பிள்ளைக்கு எதிரே நின்று, தன் வலது கையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். தன் கையையும் பிள்ளையின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்டிக்காரி என்று முன்பே சொன்னேனே, அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உங்களுக்கு எப்ப தெரியும் அண்ணி?"

பொய் சொல்லலாமா என்று டீச்சருக்கு ஒரு கணம் தோன்றியது. "நான் திரும்பி வந்த அன்னைக்கே."

"ஏன் சொல்லலை?"

"பயம்."

"எதுக்குப் பயம்?"

"உன் மூஞ்சிக்கு."

நாத்தனார் அவரையே பார்த்தாள். முகம் கறுக்கவில்லை, வெளுத்துப் போயிருந்தது. "என் மூஞ்சிக்குப் பயந்துக்கிட்டு, என் புள்ளைய..." என்றாள். பொடிசை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அதன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டீச்சர் பக்கத்தில் உட்காரவும் துணியாமல், போகவும் துணியாமல், கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார்.

வீட்டில் அன்றைக்கு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை டீச்சர் வகுப்பில் நுழைந்தபோது நாத்தனார் ஏற்கெனவே பிள்ளைகளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க அழுத கண். "அண்ணி, அங்கே கதவுகிட்ட நில்லுங்க" என்றாள். குரலில் இன்னும் கோபம் இருந்தது. பிள்ளைகளின் பக்கம் திரும்பி, "வலது!" என்று சொல்லிக் கையைத் தூக்கினாள். பழக்க தோஷம், தூக்கியது தன் வலது கையைத்தான். எதிரே இடதும் வலதுமாக ஏதேதோ கைகள் எழுந்தன. தூக்கிய கையை இறக்காமல் அவள் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரியா அண்ணி?"

பிள்ளைகள் அத்தனை பேரும் டீச்சரையே பார்த்தார்கள். முன்வரிசையில் பொடிசும் பார்த்தது.

"இல்லை" என்றார். "இன்னொரு கை."

நாத்தனார் கையை மாற்றினாள்.